சார்ஜரைப் பிடுங்கினால் போதுமா?

சுற்றுச்சூழல் தினம் வந்தால் பள்ளிக்கூடச் சுவர்களில் ஒரு பட்டியல் ஏறிவிடும். வேலை முடிந்ததும் செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள், விளக்கை அணையுங்கள், பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள், மரம் நடுங்கள். எல்லாம் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலில் எதற்குப் பக்கத்திலும் ஓர் எண் இருக்காது. எது கிராம் கணக்கு, எது டன் கணக்கு என்று சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவார்கள். படிக்கிறவர் எது எளிதோ அதைச் செய்துவிட்டு, நம் பங்கு முடிந்தது என்று நிம்மதியாகிவிடுவார்.

சார்ஜரையே எடுத்துக்கொள்வோம். இப்போது விற்கும் நல்ல சார்ஜர், போன் மாட்டாமல் சும்மா சொருகியிருந்தால் 0.1 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். வருடம் முழுக்க அப்படியே கிடந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. அதே வீட்டில் டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. ரிமோட்டில் டிவியை அணைத்த பிறகும் அது ஒரு சின்ன விளக்கோடு விழித்துக்கொண்டேதான் இருக்கும். பெட்டிக்குப் பெட்டி மாறும். 8 வாட் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 70 யூனிட். டிவி பார்க்காத நேரமெல்லாம் சுவர் சுவிட்சையும் சேர்த்து அணைத்தால் 50 யூனிட்டாவது மிஞ்சும். சார்ஜரைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து அவ்வளவு சேர்க்க 50 வருடத்துக்கு மேல் ஆகும்.

யூனிட்டைக் கரியமில வாயுவாக மாற்றிப் பார்ப்பதும் சுலபம். இந்தியாவின் மின்சாரத்தில் இன்னும் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அதோடு நீர், காற்று, சூரியன், அணு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இதையொட்டித்தான் இருக்கிறது. காற்றில் கலந்து மறைகிற வாயுவுக்கு இவ்வளவு எடையா என்று சிலர் கேட்பார்கள். கார்பன் அணுவின் எடை 12. எரியும்போது அது காற்றிலிருந்து எடை 16 உள்ள ஆக்சிஜன் அணுக்கள் இரண்டைப் பிடித்துக்கொண்டு 44 ஆகிவிடுகிறது. ஒரு கிலோ கார்பன் எரிந்தால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் வாயு வருவது இதனால்தான்.

வீட்டில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே போகின்றன என்று பார்த்தால், வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் போவது கொஞ்சம். சூடாக்குவதற்கும் குளிராக்குவதற்கும் போவதுதான் அதிகம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற 0.35 யூனிட் வேண்டும். மார்கழிக் காலையில் ஒரு வாளி வெந்நீர், அவ்வளவுதான். அந்த மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றரை நாளுக்கு மேல் விடாமல் எரியும். கூடத்தில் விளக்கு எரிகிறதே என்று பிள்ளையைத் திட்டிவிட்டு, கீசரை ஒரு மணி நேரம் மறந்துபோகும் வீடுகள் நிறைய.

சூடாக்குவது என்றால் முதலில் அடுப்பங்கரை. அங்கே தெரிந்துகொள்ள வேண்டிய இயற்பியல் ஒன்றே ஒன்றுதான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க வேண்டுமானால் 2,257 கிலோஜூல், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். கொதிக்க ஆரம்பித்த தண்ணீர், தீயை எவ்வளவு கூட்டினாலும் 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் தீ முழுவதும் ஆவியாகப் போய், அடுப்படி ஜன்னல் கம்பியில் வியர்த்து வடியும். உருளைக்கிழங்கு தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் வேகும் நேரம் ஒன்றுதான்.

குக்கருக்கும் இதே கதைதான். வெயிட் போட்டு மூடியதும் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் 120 டிகிரி வாக்கில் போய்த்தான் கொதிக்கிறது; அந்தச் சூட்டில் பருப்பு சீக்கிரம் மசிகிறது. அழுத்தம் அளவு மீறினால் வெயிட் தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விடுகிறது. விசில் என்பது அதுதான். நம் சமையல் குறிப்புகள் எல்லாம் மூன்று விசில், ஐந்து விசில் என்று எண்ணிச் சொல்கின்றன. உண்மையில் ஒவ்வொரு விசிலும் அடுப்பிலிருந்து வாங்கிய சூட்டை வெளியே விடுவதுதான். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்தால் உள்ளே அழுத்தமும் குறையாது, சூடும் குறையாது. விசில் மட்டும் வராது. நேரத்தைப் பார்த்து அணைத்துவிடலாம். பருப்பை முன்னாலேயே ஊறவைத்திருந்தால் அந்த நேரமும் குறையும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் 42 கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கரியமில வாயு. வருடத்துக்கு ஒரு சிலிண்டர் மிச்சமானால் உலகம் காப்பாற்றப்பட்டுவிடாது. ஆனாலும் சார்ஜர் கணக்கைவிட அது எவ்வளவோ பெரிது.

இங்கே சிலருக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கேஸ் அடுப்பை விட்டு இன்டக்‌ஷனுக்கு மாறினால் பூமிக்கு நல்லது என்று விளம்பரம் செய்கிறார்கள். கேஸ் அடுப்பின் தீயில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது, இன்டக்‌ஷனில் 85 சதவீதம் போகிறது என்பது சரிதான். ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பாத்திரத்துக்குள் ஒரு யூனிட் அளவுச் சூட்டைச் சேர்க்க, கேஸில் 0.4 கிலோவுக்கும் குறைவான கரியமில வாயு. இன்றைய மின்சாரத்தில் 0.8 கிலோ. இரண்டு மடங்கு. மொட்டைமாடியில் சோலார் தகடு போட்டவர் பகல் வேளையில் இன்டக்‌ஷனில் சமைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். மற்றவர்களுக்கு மின்தொகுப்பு சுத்தமாகச் சுத்தமாகத்தான் லாபம் வரும். அடுப்படிப் புகை மூச்சுக்கு நல்லதல்ல என்று மாறுகிறவர்களிடம் எனக்கு மறுப்பு இல்லை. அது உடல்நலக் கணக்கு, காலநிலைக் கணக்கு இல்லை.

சமைத்தது மிஞ்சினால் குப்பைக்குப் போகிறது. உலகில் 2022-ல் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. பழைய சோறும் காய்கறித் தோலும் எங்கே மக்குகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காற்றோட்டம் உள்ள இடத்தில் மக்கினால் அதிலுள்ள கார்பன் கரியமில வாயுவாகத் திரும்புகிறது. அந்தச் செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான், கணக்கு நேராகிவிடும். கொடுங்கையூர், பெருங்குடி மாதிரியான குப்பைமேட்டின் அடியில் காற்றே போகாது. அங்கே ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் வேலை செய்து மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு, இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். பற்றி எரியவும் செய்யும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பிடித்த தீ அணையாமல் நாள்கணக்கில் புகைந்தது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

மாடியில் தொட்டி வைத்து உரம் போடுகிறவர்கள் ‘நாத்தம் தாங்கலை, விட்டுட்டேன்’ என்பார்கள். நாற்றம் வந்தால் உள்ளே காற்று போகவில்லை என்று பொருள். அந்த வாளி ஒரு குட்டிக் குப்பைமேடு ஆகிக்கொண்டிருக்கிறது. காய்ந்த இலையோ தேங்காய் நாரோ ஒரு அடுக்கு போட்டு, இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை கிளறிவிட்டால் சரியாகிவிடும். இடம் இல்லாதவர்கள் மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தாலே போதும்.

இனி ஏசிக்கு வருவோம். நான் இந்தக் கட்டுரை எழுதுவதே இதற்காகத்தான்.

ஏசி என்றதும் எல்லோரும் கரண்ட் பில்லைத்தான் பேசுவார்கள். அதிலும் சொல்ல விஷயம் உண்டு. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் ஆணையம் சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியுள்ள ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது. 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண ஏசியில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16 வைத்தால் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

யாரும் பேசாதது உள்ளே ஓடும் வாயுவைப் பற்றி. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்று ஏதாவது ஒரு பெயரும் அதன் எடையும் அச்சாகியிருக்கும். ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 என்றால் 1,810 கிலோ. அது ஓசோன் படலத்தையும் அரிக்கும். இப்போது அதிகம் விற்கும் ஆர்-32, 675 கிலோ. ஒன்றரை டன் ஏசியில் முக்கால் கிலோ ஆர்-32 இருந்து அது முழுக்கக் கசிந்தால் 500 கிலோவுக்கு மேல் ஆகிறது. எழுநூறு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த ஏசி ஒரு கோடை முழுக்க ஓடி இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் மூவாயிரம் யூனிட்.

கைப்பிடி வாயுவுக்கு ஏன் இத்தனை வலு? பூமி தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நீராவியும் கரியமில வாயுவும் அந்தக் கதிர்களில் பலவற்றை ஏற்கெனவே பிடித்துக்கொள்கின்றன. 8 முதல் 12 மைக்ரான் அலைநீளம் வரையான பகுதி மட்டும் பெரும்பாலும் தடையில்லாமல் இருக்கிறது; பூமியின் சூடு வெளியேறும் முக்கிய வழி அது. குளிர்பதன வாயுக்களில் கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்திருக்கும் பிணைப்பு சரியாக அந்தப் பகுதியில்தான் கதிரை விழுங்குகிறது. பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடுவதும், திறந்திருக்கும் ஒரே ஜன்னலை அடைப்பதும் ஒன்றாகுமா?

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் சென்னையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 1960-களில் படிப்பு முடிந்து செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். குளிர்பதன வாயு ஏன் இப்படிக் கசிகிறது என்று பார்ப்பது அங்கே அவருக்குக் கொடுத்த வேலை. பிறகு அமெரிக்கா போய், நாசாவில் இருந்தபோது 1975-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த வாயுவான சிஎஃப்சியின் ஒரு மூலக்கூறு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கரியமில வாயு மூலக்கூறுகள் அளவுக்கு பூமியைச் சூடாக்கும் என்று அவர் கணக்கு காட்டினார். அதுவரை பூமி சூடாவது என்றால் கரியமில வாயு ஒன்றைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து சிஎஃப்சி படிப்படியாக ஒழிந்தது, ஓசோனுக்காக. பின்னால் வந்த எச்எஃப்சி வாயுக்கள் ஓசோனைத் தொடாது, சூட்டை மட்டும் பிடித்து வைக்கும். அவற்றைக் குறைக்க 2016-ல் கிகாலியில் உடன்பாடு ஆனது. இந்தியாவுக்கான குறைப்பு 2032-ல் தொடங்கி 2047 வரை போகிறது. அதற்குள் நம் வீடுகளில் மாட்டப்படும் ஏசிகள் எத்தனை கோடி ஆகுமோ.

இப்போது மொட்டைமாடிக்குப் போவோம். ஏப்ரல் மாதம். மெக்கானிக் அவுட்டோர் யூனிட்டில் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, “கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சிடலாமா?” என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்து, அறை குளிர்ந்துவிடுகிறது. அடுத்த ஏப்ரலில் திரும்பவும் அதே வசனம். ஏசிக்குள் இருக்கும் வாயு பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கசிந்தால் ஒழியக் குறையாது. வருடா வருடம் கேஸ் அடிக்கிறோம் என்றால் வருடா வருடம் அவ்வளவு வாயுவை ஊருக்கு மேலே திறந்துவிடுகிறோம் என்று அர்த்தம். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “லீக் எங்கண்ணே? சோப்புத் தண்ணி வச்சுப் பாத்தீங்களா?” செப்புக் குழாய் நட்டோடு சேரும் இடத்தில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று காயிலை அரித்திருக்கும். நைட்ரஜன் ஏற்றிச் சோதித்தால் தெரியும். ஓட்டையை அடைத்து, வேக்குவம் போட்டு, தகட்டில் போட்டிருக்கும் எடைக்குத் தராசு வைத்து நிரப்புவதுதான் முறை. செலவு கொஞ்சம் கூடுதல். அடுத்த வருடச் செலவு இல்லை.

வாடகை வீடு மாறும்போது இன்னும் மோசம். அவசரத்தில் குழாயை அப்படியே கழற்றினால் ‘புஸ்’ என்று மொத்த வாயுவும் போய்விடும். கழற்றுவதற்கு முன் ஏசியை ஓடவிட்டு, வால்வுகளை வரிசையாக மூடி, வாயு முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளலாம். பம்ப் டவுன் என்பார்கள். எல்லா மெக்கானிக்கும் அறிந்ததுதான், நாம் கேட்டால் செய்வார்கள். பத்து நிமிட வேலையில் அரை டன் கரியமில வாயுவுக்குச் சமமானது மிச்சம். வீட்டில் இருந்தபடி ஒருவர் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடச் சுவர்ப் பட்டியல் எதிலும் நான் இதைப் பார்த்ததும் இல்லை. புது ஏசி வாங்குகிறவர்கள் ஆர்-290 உள்ளதா என்று கேட்டுப் பார்க்கலாம். அது புரொப்பேன், சிலிண்டரில் வருவதன் உறவுக்காரர்தான். அதன் சூடேற்றும் அளவு ஒற்றை இலக்கம். தீப்பற்றக்கூடியது என்பதால் குறைந்த அளவே நிரப்புவார்கள், நிறுவுவதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

ஏசி இல்லாத வீட்டில் ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். உள்ளே இருக்கும் மோட்டார், சுழலும் பாகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டித்தான் காந்தமாக்க வேண்டும். அந்த வேலையில் நிறையச் சக்தி சூடாக வீணாகிறது. ஓடிய ஃபேனின் நடுப்பகுதியைத் தொட்டால் தெரியும். பிஎல்டிசி ஃபேனில் நிரந்தரக் காந்தமே சுழல்கிறது. தூண்ட வேண்டியதில்லை, அதே காற்றுக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம், வருடத்தில் 300 நாள் ஓடினால் ஒரு ஃபேனுக்கு 160 யூனிட், நூறு கிலோவுக்கு மேல் கரியமில வாயு மிச்சம். இருக்கிற ஃபேன் கெட்டுப்போகும்போது மாற்றினால் போதும். இன்னொன்று, ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, மேலிருக்கும் வியர்வையை உலர்த்தி ஆளைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன், மோட்டார் சூட்டால் அந்த அறையைக் கொஞ்சம் சூடாக்கத்தான் செய்யும்.

இதெல்லாம் தனி ஆள் செய்து என்ன ஆகப்போகிறது, பெரிய ஆலைகளைக் கேளுங்கள் என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. சராசரி இந்தியர் வருடத்துக்கு வெளியிடும் கரியமில வாயு 2 டன், அமெரிக்கர் 14 டன். மாதம் நூறு யூனிட்டுக்குள் வாழும் குடும்பத்துக்கு உபதேசம் செய்வது அநியாயம். ஆனால் ஏசி, கார், விமானம் என்று வாழ்கிற நம்மில் ஒரு பகுதியினர் அந்தச் சராசரியில் இல்லை. சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போய்வந்தாலே ஏறக்குறைய கால் டன். தனி ஆள் வாங்குவது சந்தையை மாற்றும் என்பதற்கும் அண்மைய சாட்சி இருக்கிறது. எல்இடி பல்பை அரசு கொள்முதல் செய்த விலை 2014 தொடக்கத்தில் 310 ரூபாய். மொத்தமாக வாங்கி வீடு வீடாக விற்கும் உஜாலா திட்டம் வந்த பிறகு, 2016-ல், 38 ரூபாய். அரசு இறங்காமல் விலை விழுந்திருக்காது, மக்கள் வாங்காமல் திட்டம் ஓடியிருக்காது. ஃபேனிலும் அதே மாற்றம் தொடங்கியிருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறி கட்டாயம்.

கடைசியாக நேரம். நாம் சராசரி போட்ட அந்த 0.7 கிலோ, நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை வேகமாகச் சுழலும். கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்றவை நண்பகலில் உச்சத்தில் இருக்கும். அப்போது மின்சாரம் மிஞ்சினால் காற்றாலையைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். அனல் மின்நிலைய உலையை மத்தியானம் அணைத்துச் சாயங்காலம் பற்றவைக்க முடியாது. சூரியன் சாய்ந்ததும், ஊரே விளக்கும் ஏசியும் போடும் நேரத்தில், அந்த நிலக்கரிதான் தாங்குகிறது. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், மாவரைக்கும் கிரைண்டர், இஸ்திரி, இதெல்லாம் இரவு ஏழு மணிக்குத்தான் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனி ஆடிக் காற்றில் பகல் பதினொரு மணிக்கு ஓட்டினால் அதே யூனிட்டுக்குப் புகை குறைவு. பகல் மின்சாரத்துக்கு 10 முதல் 20 சதவீதம் குறைந்த கட்டணம் என்று மத்திய அரசு 2023-ல் விதியைத் திருத்தியிருக்கிறது. ஆனால் வீடுகளில் மாட்டியிருக்கும் பெரும்பாலான மீட்டர்கள் காலையா மாலையா என்று பார்ப்பதில்லை. மொத்த யூனிட்டைத்தான் எண்ணுகின்றன. ஸ்மார்ட் மீட்டர் வந்து பில்லில் அந்த வித்தியாசம் தெரியும்வரை நேரத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.